கோடிகள் கொட்டினால் கோப்பை வருமா?
செல்வந்தர்களை நம்பி நிற்கும் இந்தியக் கால்பந்து

புது தில்லி: இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துப் போட்டியை 15 ஆண்டுகளுக்கு நடத்தும் வணிக உரிமைக்கு விலைகோரும் கெடு 2025 நவம்பர் 7-ம் தேதி முடிவடைந்தது. ஆண்டுக்குக் குறைந்தபட்சம் ரூ. 37.5 கோடி அல்லது மொத்த வருவாயில் 5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைத் தர வேண்டும் என்பது நிபந்தனை. உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான குழு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கக் காத்திருந்தது. விளக்கம் கேட்டவர்கள் இருந்தனர். விலை கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

இதே உரிமையை 2010 டிசம்பரில் ரிலையன்ஸ் நிறுவனமும் ஐ.எம்.ஜி. நிறுவனமும் சேர்ந்து 15 ஆண்டுகளுக்கு ரூ. 700 கோடி தருவதாக ஒப்புக்கொண்டு வாங்கின. சராசரியாக ஆண்டுக்கு ரூ. 46 கோடிக்கு மேல். பதினைந்து ஆண்டுகளில் நாட்டில் எல்லாவற்றின் விலையும் ஏறியிருக்கிறது. கால்பந்தின் விலை மட்டும் இறங்கியது. இறங்கிய விலைக்கும் ஆள் இல்லை.

பணக்கார உரிமையாளர் வந்தால் கழகம் வெற்றி பெறுமா என்பது உலகெங்கும் கால்பந்து ரசிகர்கள் விவாதிக்கும் கேள்வி. ரஷியக் கோடீஸ்வரர் ரோமன் அப்ரமோவிச் 2003-ல் லண்டனின் செல்சி கழகத்தை வாங்கினார். இரண்டே ஆண்டுகளில், அரை நூற்றாண்டுக்குப் பின் அக்கழகம் இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்றது. அபுதாபி அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் மன்சூரின் நிறுவனம் 2008-ல் மான்செஸ்டர் சிட்டியை வாங்கிய பின் நடந்தது உலகறிந்த கதை. எந்தக் கழகம் அதிகச் சம்பளம் தருகிறதோ, அதுவே நீண்ட காலப் போக்கில் பட்டியலின் மேலே இருக்கும் என்று பொருளாதார ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டிவிட்டனர். 2016-ல் பட்டம் வென்ற லெஸ்டர் சிட்டி போன்றவை விதிவிலக்குகள். அதனால்தான் அவை இன்றும் பேசப்படுகின்றன.

ஆனால், அந்த நாடுகளில் செல்வந்தர் ஒருவர் விலகினால் அடுத்த செல்வந்தர் வாசலில் நிற்கிறார். தொலைக்காட்சி உரிமைத் தொகையும் நுழைவுச் சீட்டு வசூலும் கழகத்தைத் தாங்கி நிற்கின்றன. இந்தியாவில் இவை இரண்டும் பலவீனமானவை. இங்கு உரிமையாளரின் பணப்பைதான் கழகத்தின் வரவு செலவுத் திட்டம். அவர் பையை மூடினால் கழகம் மூடப்படும். ஆகவே, இங்கு கேட்க வேண்டிய கேள்வி சற்று வேறானது. வெற்றியை விலைக்கு வாங்கலாம் என்றால், அது எத்தனை ஆண்டுகளுக்குத் தாங்கும்?

மல்லையா காலம்:

கொல்கத்தாவின் மோகன் பகான் 1889-ல் தோன்றியது. 1911-ல் அதன் வீரர்கள், ஒருவர் தவிர மற்றவர்கள் வெறுங்காலுடன், ஆங்கிலேய ராணுவத்தின் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவு அணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். விடுதலை இயக்க வரலாற்றில் இடம் பெற்ற வெற்றி அது. அதன் பரம எதிரியான ஈஸ்ட் பெங்கால் 1920-ல் பிறந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த லட்சக்கணக்கானோரின் அடையாளமாகப் பின்னர் வளர்ந்தது. இரண்டுமே உறுப்பினர்கள் சந்தா செலுத்தி, தேர்தல் நடத்தி, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் சங்கங்கள்.

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் தலைவராக இருந்த காங்கிரஸ் தலைவர் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி 1996-ல் தேசிய கால்பந்து லீக்கைத் தொடங்கினார். நாடு முழுவதும் பயணம் செய்து ஆட வேண்டும், வெளிநாட்டு வீரர்களைச் சேர்க்க வேண்டும் என்ற நிலையில் சந்தாப் பணம் போதவில்லை. 1998-ல் விஜய் மல்லையாவின் யுனைடெட் புரூவரீஸ் குழுமம் உள்ளே வந்தது. மோகன் பகானுடன் சமபங்கில் ஒரு கம்பெனி. ஈஸ்ட் பெங்காலுடன் சமபங்கில் இன்னொரு கம்பெனி. ஒரு கழகத்தின் பெயருக்கு முன் மெக்டவல், மற்றதன் பெயருக்கு முன் கிங்ஃபிஷர். நெடுங்காலப் பகையாளிகள் இருவருக்கும் ஒரே முதலாளி என்ற விசித்திரம் உலகின் வேறெந்தப் பெரிய கால்பந்து நகரிலும் காணக் கிடைக்காது. மது விளம்பரத்துக்குத் தடை உள்ள நாட்டில், இரு அணிகளின் சட்டைகளும் அவருக்கு விளம்பரப் பலகைகள் ஆயின.

பணத்துக்குப் பலன் கிடைத்தது. 1999-2000 முதல் 2003-04 வரையிலான ஐந்து தேசிய லீக் பட்டங்களையும் இந்த இரு கழகங்களே பங்கிட்டுக்கொண்டன. மோகன் பகானுக்கு இரண்டு, ஈஸ்ட் பெங்காலுக்கு மூன்று. 2003-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கழகக் கோப்பையையும் ஈஸ்ட் பெங்கால் வென்றது. பணம் வெற்றியை வாங்கும் என்று கூறுவோருக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஆனால், சாட்சி அத்துடன் முடியவில்லை. அதே முதலாளி, அதே சட்டைப் பெயர் தொடர்ந்தும், 2004-க்குப் பிறகு பத்தாண்டுகளுக்கு இரு கழகங்களில் எதுவும் தேசியப் பட்டம் பெறவில்லை. மோகன் பகான் மறுபடி வென்றது 2014-15-ல். அதுவும் எப்போது? சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நின்ற ஆண்டில்! பயிற்சியாளர் சஞ்சய் சென் தலைமையில், பாக்கிச் சம்பளத்துடன் ஆடிய அணி, கடைசி ஆட்டத்தில் பெங்களூருக்குச் சென்று டிரா செய்து கோப்பையுடன் திரும்பியது. ஈஸ்ட் பெங்காலுக்கோ 2003-04 பட்டத்துக்குப் பின் 2024-25 வரை தேசிய லீக் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை.

மல்லையாவின் கதை நாடாளுமன்றம் அறிந்ததுதான். மாநிலங்களவைக்கு இருமுறை கர்நாடகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். 2012-ல் அவருடைய விமான நிறுவனத்தின் விமானங்கள் தரையிறங்கின. 2016 மார்ச்சில் நாட்டை விட்டுச் சென்றார். அவ்வாண்டு மே மாதம் உறுப்பினர் பதவியை ராஜிநாமா செய்தார்.

கோவா முதலாளிகள்:

2004-05 முதல் 2012-13 வரையிலான ஒன்பது தேசியப் பட்டங்களில் எட்டு கோவாவுக்குச் சென்றன. டெம்போ ஐந்து, சர்ச்சில் பிரதர்ஸ் இரண்டு, சல்காவ்கர் ஒன்று. மீதமிருந்த ஒன்று மும்பையின் மஹிந்திரா யுனைடெட் அணிக்கு. டெம்போவும் சல்காவ்கரும் இரும்புத் தாதுவில் செழித்த குடும்பங்கள். சர்ச்சில் பிரதர்ஸ், அரசியல்வாதியும் முன்னாள் மக்களவை உறுப்பினருமான சர்ச்சில் அலெமாவோவின் குடும்பச் சொத்து.

இங்கும் பணம்தானே வென்றது என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. ஆயினும், பெரும் ரசிகர் கூட்டமும் பெரிய விளம்பரதாரரும் கொண்ட கொல்கத்தாவை, ஏறத்தாழ 15 லட்சம் மக்கள் தொகை கொண்ட ஒரு மாநிலம் ஒன்பது ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியதற்குப் பணம் மட்டும் காரணமாக முடியாது. டெம்போவில் அர்மாண்டோ கொலாசோ பத்தாண்டுக்கு மேல் பயிற்சியாளராக நீடித்தார். கோவாவின் கிராமங்களில் வளர்ந்த வீரர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே ஆடினர். கொல்கத்தாவிலோ ஒரு டெர்பி ஆட்டத்தில் தோற்றால் பயிற்சியாளரின் பெட்டி தயாராகிவிடும். முதலாளியின் பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. அது கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுவதில்லை.

இந்த முதலாளிகளும் நிலைக்கவில்லை. முதல் தேசிய லீக்கை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. மில்ஸ் 2011-ல் அணியைக் கலைத்தது. பாய்ச்சுங் பூட்டியா ஆடிய அணி அது. மஹிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய ஆண்டே கலைக்கப்பட்டது. கேரளத்தில் 1997-ல் பெரும் ஆரவாரத்துடன் தொடங்கி, அதே ஆண்டில் டுராண்ட் கோப்பையை வென்ற எப்.சி. கொச்சின், ஐந்தாண்டுகளில் மறைந்தது. ஐ.எஸ்.எல். முதன்மைப் போட்டியாகும், ஐ லீக் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்படும் என்ற திட்டம் 2016-ல் வெளியானதும், சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் கோவா, டெம்போ ஆகிய மூன்றும் தேசிய லீக்கிலிருந்து விலகின. டெம்போ குடும்பத்தவரும் சல்காவ்கர் குடும்பத்தவர் ஒருவரும் ஐ.எஸ்.எல்.லின் புதிய எப்.சி. கோவா அணியில் முன்பே பங்குதாரர்கள் ஆகியிருந்தனர். பணம் கோவாவை விட்டுப் போகவில்லை, வீடு மாறியது.

ஐஸ்வாலின் ஓராண்டு:

கோவாக் கழகங்கள் விலகியதால் காலியான இடம் மிசோரமின் ஐஸ்வால் எப்.சி.க்கு வாய்த்தது. முந்தைய பருவத்தில் கீழ்நிலைக்கு இறக்கப்பட்டிருந்த அணி அது. மும்பை அணியால் விடுவிக்கப்பட்டிருந்த காலித் ஜமீலைப் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டு, பெரிய கழகங்களின் செலவில் ஒரு சிறு பகுதியை மட்டுமே செலவிட்டு, 2017 ஏப்ரல் 30-ல் ஷில்லாங் நகரில் டிரா செய்து ஐ லீக் பட்டத்தை வென்றது. வடகிழக்கு மாநிலம் ஒன்றுக்குக் கிடைத்த முதல் தேசிய லீக் பட்டம்.

ஐஸ்வாலைப் பணமே இல்லாத அணி என்று புகழ்வது மிகை. அதன் உரிமையாளர் ராபர்ட் ரோய்தே தொழிலதிபர். பின்னர் மிசோரமின் விளையாட்டுத் துறை அமைச்சரும் ஆனவர். ஆனால், அவர் செலவிட்டதைவிட முக்கியமானது, மிசோரமில் உள்ளூர் கேபிள் டி.வி. ஆதரவுடன் நடந்துவந்த மாநில லீக். வீரர்கள் அங்கிருந்து வந்தனர். வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் உள்ளூர்ப் பையன்களின் ஆட்டத்தைப் பார்க்கும் வழக்கமும் அங்கிருந்துதான் வந்தது.

பட்டத்துக்குப் பின் நடந்ததுதான் இந்தியக் கால்பந்தின் நிதி நிலையைச் சரியாகக் காட்டுவது. சாம்பியன் என்ற முறையில் ஐ.எஸ்.எல்.லில் இடம் கேட்டது ஐஸ்வால். அப்போது அதற்குரிய வழி இருக்கவில்லை; ஐ.எஸ்.எல்.லில் நுழைய ஆட்டத் திறன் தகுதியாக இருக்கவில்லை, ஆண்டுக்குச் சுமார் ரூ. 15 கோடி உரிமைக் கட்டணமே தகுதியாக இருந்தது. அவ்வாண்டு ஜிண்டால் குடும்பத்தின் ஜே.எஸ்.டபிள்யூ. நடத்தும் பெங்களூரு எப்.சி.யும் டாடா ஸ்டீலின் ஜாம்ஷெட்பூரும் உள்ளே சென்றன. காலித் ஜமீலையும் முக்கிய வீரர்கள் சிலரையும் ஈஸ்ட் பெங்கால் விலைக்கு வாங்கியது. வாங்கியும் அடுத்த ஐ லீக்கில் நான்காம் இடமே கிடைத்தது. அதன்பின் ஐஸ்வால் மீண்டும் தேசியப் பட்டத்தை நெருங்கவில்லை. (காலித் ஜமீல் 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார்.)

தமிழகத்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கோவை நேரு விளையாட்டரங்கைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எப்.சி., 2018-19-ல் ஐ லீக் பட்டத்தை வென்றது. ஸ்பெயின் நாட்டு வீரர் பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல்கள் அடித்தார். ஸ்விட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 சதவீதப் பங்கை வாங்கியது. வெளிநாட்டு முதலீடு வந்துவிட்டது என்று கோவை மகிழ்ந்தது. பட்டம் வென்ற மூன்றாவது ஆண்டில், 2021-22 ஐ லீக்கில், அந்த அணி இல்லவே இல்லை.

கோயங்கா, சிட்டி குழுமம்:

ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014 முதல் 2024-25 வரை 11 பருவங்கள் நடந்தன. இவற்றில் 5 கோப்பைகள், தொழிலதிபர் சஞ்சீவ் கோயங்கா பங்குதாரராக இருந்த கொல்கத்தா அணிகளுக்குச் சென்றன. முதலில் ஏ.டி.கே. என்ற பெயரில் மூன்று. மோகன் பகானுடன் இணைந்த பின் இரண்டு. 2020-ல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதத்தை ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் எடுத்துக்கொண்டது. உறுப்பினர்களின் சங்கத்துக்கு 20 சதவீதம். அந்த இணைப்பு உறுதியான சமயத்தில் மோகன் பகான் ஐ லீக்கில் வென்றுகொண்டிருந்தது. 2020 மார்ச்சில், நான்கு சுற்றுகள் மீதமிருக்கையிலேயே பட்டத்தை உறுதி செய்தது. அதாவது, கோயங்கா வாங்கியது தோல்வியில் துவண்ட கழகத்தை அல்ல. வெற்றி பெற்றுக்கொண்டிருந்த, ஆனால் நாளைய செலவுக்கு வழி தெரியாத கழகத்தை.

வெற்றிகள் தொடர்ந்தன. 2024-25 பருவத்தில் லீக் கேடயம், கோப்பை இரண்டையும் மோகன் பகான் வென்றது. 24 ஆட்டங்களில் 56 புள்ளிகள் எடுத்து, ஐ.எஸ்.எல்.லில் 50 புள்ளிகளைக் கடந்த முதல் அணி ஆனது. ஆஸ்திரேலிய லீக்கில் கோல்களைக் குவித்த ஜேமி மெக்லாரனை அழைத்து வரும் வசதி இந்தியாவில் வேறு யாருக்கு உண்டு? ஆனால், சட்டையில் ஒட்டியிருந்த 'ஏ.டி.கே.' என்ற மூன்றெழுத்தை நீக்கக் கோரி ரசிகர்கள் மூன்றாண்டுகள் பதாகை பிடித்தனர். 2023 மார்ச்சில் கோவாவில் கோப்பையை வென்ற இரவில்தான் பெயர் மாற்றத்தை கோயங்கா அறிவித்தார். 'மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்' என்ற புதிய பெயரிலும் அவருடைய கிரிக்கெட் அணியின் வால் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கிரிக்கெட் அணியையும் இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும். லக்னௌ அணிக்காக 2021-ல் கோயங்கா கொடுத்த விலை ரூ. 7,090 கோடி. 2025 வரை அந்த அணி ஒரு ஐ.பி.எல். கோப்பையும் வெல்லவில்லை. அதே முதலாளி, அதே ஆர்வம். கால்பந்துக்கு ஆனதைவிடப் பலமடங்கு பணம். கிரிக்கெட்டில் வீரர்களை வாங்க எல்லா அணிகளுக்கும் ஒரே தொகைதான் அனுமதி. 2024 நவம்பர் ஏலத்தில் ரிஷப் பந்த்துக்கு ரூ. 27 கோடி கொடுத்தால், அதே அளவு வேறிடத்தில் குறைக்க வேண்டும். அங்கு அதிகப் பணம் உள்ளவர் அதிகம் செலவிட முடியாது. கால்பந்திலும் ரூ. 16 முதல் 18 கோடி வரை என்று சம்பள உச்சவரம்பு விதிக்கப்பட்டிருந்தது. ஆனால் இடமாற்றத் தொகை, பயிற்சி வசதி, வெளிநாட்டுத் தொடர்பு என்று வரம்புக்கு வெளியே செலவிட வழிகள் உண்டு. ஒரு கிரிக்கெட் வீரரின் விலை ஒரு கால்பந்து அணியின் மொத்தச் சம்பளத்தைவிட அதிகம் என்பது வேறு விஷயம்.

மான்செஸ்டர் சிட்டியை நடத்தும் சிட்டி கால்பந்துக் குழுமம் 2019 நவம்பரில் மும்பை சிட்டியின் 65 சதவீதப் பங்கை வாங்கியது. அதற்கு முன் ஐந்து பருவங்களில் அந்த அணி ஒருமுறைகூட இறுதிப் போட்டிக்குச் சென்றதில்லை. புதிய உரிமையாளர், எப்.சி. கோவாவின் பயிற்சியாளர் செர்ஜியோ லோபெராவையும் அங்கிருந்த முன்னணி வீரர்களையும் ஒரே மூச்சில் மும்பைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பருவத்திலேயே கேடயமும் கோப்பையும் கிடைத்தன. 2022-23-ல் மீண்டும் கேடயம். 2023-24-ல் மோகன் பகானை அதன் சொந்த மண்ணிலேயே 3-1 என்று வீழ்த்தி மீண்டும் கோப்பை. இதைக் கொள்முதல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஆனால், நாட்டுக்குள் மிரட்டிய அதே அணி 2023 ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆறு ஆட்டங்களிலும் தோற்றது. சவூதியின் அல் ஹிலால், ரியாத் ஆட்டத்தில் மட்டும் ஆறு கோல்கள் அடித்தது. பணத்துக்கும் மேல் பணம் உண்டு.

எல்லாப் பணமும் வெல்வதில்லை என்பதற்கு ஈஸ்ட் பெங்காலே சான்று. 2018-ல் பெங்களூரைச் சேர்ந்த குவெஸ் நிறுவனம் 70 சதவீதப் பங்குடன் வந்தது; இரண்டு ஆண்டுகளில் விலகியது. 2020 செப்டம்பரில் முதல்வர் மம்தா பானர்ஜி முன்னிலையில் ஸ்ரீ சிமென்ட் வந்தது. சங்கத்தின் உரிமைகளை எழுதிக் கொடுக்க நிர்வாகிகள் மறுத்ததால் இறுதி ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை. மம்தா மத்தியஸ்தம் செய்து ஒரு பருவத்தை ஓட்ட வேண்டியிருந்தது. அந்தப் பருவத்தில் 20 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, கடைசி இடம். 2022-ல் எமாமி குழுமத்தை அறிமுகப்படுத்தியவரும் முதல்வரே. அதற்குப் பின் மூன்று பருவங்களும் தொடர்ந்து ஒன்பதாம் இடம். நடுவே 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பை மட்டும் ஆறுதல். நான்காண்டுகளில் மூன்று முதலாளிகள் மாறிய கழகத்தில், எந்தப் பயிற்சியாளர் எந்த அணியைக் கட்ட முடியும்?

ஹைதராபாத் எப்.சி. வேறு விதமான எச்சரிக்கை. 2022 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற அணி அது. அடுத்த ஆண்டு இரண்டாம் இடம். அதற்கடுத்த 2023-24-ல் சம்பளம் தர முடியாமல் வெளிநாட்டு வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேற, இளைஞர்களைக் கொண்டு ஆடி, ஒரே வெற்றியுடன் கடைசி இடத்தில் முடித்தது. பின்னர் பி.சி. ஜிண்டால் குழுமம் அதை வாங்கியது. 2025-ல் அந்த இடம் அப்படியே தலைநகருக்குப் பெயர்ந்து 'ஸ்போர்ட்டிங் கிளப் தில்லி' ஆயிற்று. தில்லியில் முன்பிருந்த டைனமோஸ் அணி 2019-ல் புவனேசுவரத்துக்கு மூட்டை கட்டியதும், புணே அணி கலைந்து அதன் இடம் ஹைதராபாதுக்குப் போனதும் இதே வழிமுறைதான். அரசு ஊழியர்களுக்கு இடமாற்ற உத்தரவு போல, கழகங்களும் ஊர் மாறுகின்றன. ரசிகர்களை மட்டும் இடமாற்றம் செய்ய முடிவதில்லை.

வருமானம் எங்கே?:

ஐ.பி.எல்.லின் 2023-27 காலத்துக்கான ஒளிபரப்பு உரிமைகள் ரூ. 48,390 கோடிக்கு விலைபோயின. ஐ.எஸ்.எல்.லின் இரு பருவ உரிமையை வயாகாம் 18 நிறுவனம் சுமார் ரூ. 550 கோடிக்கு வாங்கியதாக 2023-ல் செய்திகள் வெளியாயின. வயாகாம் 18 ரிலையன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. லீக்கை அப்போது நடத்திய எப்.எஸ்.டி.எல். நிறுவனத்தின் பின்னணியிலும் ரிலையன்ஸ். வலக்கைப் பணம் இடக்கைக்குச் சென்றதை எந்த அளவுக்குச் சந்தை விலை என்று கொள்வது என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம். வெளியார் விலை கேட்க வேண்டிய 2025 நவம்பரில் கிடைத்த பதில் முன்பே சொல்லப்பட்டது.

அந்த ஏற்பாட்டில் கழகங்களுக்கு லீக்கின் பொது வருவாயில் ஒரு பங்கு கிடைத்துவந்தது. அதில் உரிமைக் கட்டணம் போய்விட்டது. டிக்கெட் வசூல் கொச்சி, கொல்கத்தா தவிரப் பெரிதாகச் சொல்லத் தக்கதல்ல. கொச்சியின் கேரளா பிளாஸ்டர்ஸ் ஒரு தனி வேடிக்கை: தொடக்கத்தில் சச்சின் டெண்டுல்கர் பங்குதாரர், நாட்டிலேயே பெரிய ரசிகர் கூட்டம், மூன்று இறுதிப் போட்டிகள், ஆனால் 2024-25 வரை ஒரு கோப்பையும் இல்லை. அரங்கை நிரப்பியும் கோப்பை வராது, கோப்பை வென்றும் கணக்கு நேராகாது என்பதே இந்த லீக்கின் நிலை.

ரிலையன்சின் 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிவதாக இருந்தது. கால்பந்து சம்மேளனத்தின் சட்டதிட்டம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்ததால், புதிய ஒப்பந்தம் பற்றிப் பேச முடியவில்லை. 2025 ஜூலை 11-ல், அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்படுவதாக எப்.எஸ்.டி.எல். அறிவித்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூரு எப்.சி. தன் முதன்மை அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தி வைத்தது. சென்னையின் எப்.சி.யும் அவ்வழியே சென்றது. இரும்பு உருக்கு சாம்ராஜ்யமே பின்னால் நிற்கும் பெங்களூரு அணிக்கு வீரர்களின் சம்பளம் ஒரு பாரமா என்று கேட்பவர்கள், இந்தியக் கால்பந்தின் முதலாளிகளைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அவர்களால் கொடுக்க முடியாமல் இல்லை. கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டிசம்பரில் சிட்டி குழுமமும், லீக்கின் எதிர்காலம் நிச்சயமற்றிருப்பதைக் காரணம் காட்டி, மும்பை சிட்டியிலிருந்து வெளியேறியது. ஆறாண்டுகளில் இரண்டு கேடயம், இரண்டு கோப்பை. பிறகு ஓர் அறிக்கை.

நாடாளுமன்றம் செய்ததும் செய்யாததும்:

அந்தக் கோடைக்குப் பின் கூடிய மழைக்காலக் கூட்டத்தொடரில்தான் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா நிறைவேறியது. 2025 ஜூலை 23-ல் அறிமுகமாகி, எதிர்க்கட்சிகள் பிகார் வாக்காளர் பட்டியல் பிரச்னையில் போராடிக்கொண்டிருந்த நேரத்தில், ஆகஸ்ட் 11-ல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் தேறியது. ஆகஸ்ட் 18-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. தேசிய விளையாட்டு வாரியம், விளையாட்டுத் தீர்ப்பாயம், வீரர்களுக்குச் சம்மேளன நிர்வாகத்தில் இடம் என்று வரவேற்கத் தக்க பலவும் இச்சட்டத்தில் உள்ளன.

ஆயினும் இச்சட்டத்தின் பார்வை சம்மேளனங்களின் மீதுதான். லட்சக்கணக்கான ரசிகர்கள் உரிமை கொண்டாடும் கழகத்தை ஒரு தனியார் கம்பெனி எடுத்துக்கொள்ளும்போது, வீரர்களின் இரண்டாண்டுச் சம்பளத்துக்குப் பிணைத் தொகை வைக்க வேண்டுமா? முதலாளி விலகினால் கழகத்தின் பெயரும் சின்னமும் யாருக்கு? ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்பது லீக் விதி. பணத்தை உள்ளே விடுகிறார்கள், சாவியைக் கொடுப்பதில்லை. இந்தியாவில் கழக உரிமம் வழங்கும் விதிகளில் நிதிநிலைச் சோதனை இருக்கிறது. அதில் தேறாத கழகங்களுக்கும் விலக்கு கொடுத்து ஆடவிடுவது சம்மேளனத்தின் வழக்கம்.

தாஸ்முன்ஷி இருபது ஆண்டுகள், அவருக்குப் பின் பிரபுல் படேல் 2022 வரை என்று, நாடாளுமன்ற உறுப்பினர்களே சம்மேளனத்தின் தலைவர்களாக நெடுங்காலம் இருந்தனர். இருவரும் மத்திய அமைச்சர்களாகவும் இருந்தவர்கள். மல்லையா கழகங்களை நடத்திய ஆண்டுகளில் அவரும் அவையில் இருந்தார். ஆளுவோரும் ஆட்டத்தை நடத்துவோரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருந்த அந்த ஆண்டுகளில், கழக நிதிக்கு ஒரு வரைமுறை எழுதியிருந்தால் எதிர்க்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

2025 அக்டோபரில் இந்தியா சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் தோற்றது. உலகத் தரவரிசையில் 142-ம் இடத்துக்கு இறங்கியது. 2017-ல் 96-ம் இடத்தில் இருந்த அணி அது. 2026 ஜனவரி 2-ல் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சாந்து, சந்தேஷ் ஜிங்கன் உள்ளிட்ட வீரர்கள், இந்தியக் கால்பந்தைக் காப்பாற்றுங்கள் என்று பிஃபாவிடம் ஒரு வீடியோ மூலம் முறையிட்டனர். நான்கு நாள்கள் கழித்து விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா, 14 கழகங்களும் பங்கேற்கப் பிப்ரவரி 14-ல் லீக் தொடங்கும், மொத்தம் 91 ஆட்டங்கள் என்று அறிவித்தார். ஒவ்வோர் அணியும் மற்றதுடன் ஒருமுறை மட்டுமே ஆடும். முந்தைய பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 24 ஆட்டங்கள் கிடைத்தன, இந்த அறிவிப்பின்படி 13. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி ஊதியம் பெறும் இளம் வீரருக்கு இது ஏறத்தாழ அரை வருமானம்.

கொல்கத்தா மைதானத்தில் மோகன் பகானின் கூடாரமும் ஈஸ்ட் பெங்காலின் கூடாரமும் அருகருகே இருக்கின்றன. இரண்டும் ராணுவத்துக்குச் சொந்தமான நிலம். சங்கத் தேர்தல்களில் வாக்களிக்க உறுப்பினர்கள் இன்றும் அங்கு வரிசையில் நிற்கிறார்கள். ஆனால், அணிக்கு யாரை வாங்குவது, யாரை விற்பது என்பது 80 சதவீதம் வைத்திருப்பவரின் அலுவலகத்தில் முடிவாகிறது.